அணு உலை ஒப்பந்தங்களைச் சந்தேகிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சந்தேகப்படுபவரை அந்நியக் கைக்கூலி என்று சொல்லி வாயை அடைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. 2012இல் கூடங்குளம் போராட்டத்தின் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகப் பிரதமர் மன்மோகன் சிங்கே பேட்டி கொடுத்தார். உலையிலிருந்து வெளியேறும் சூடான நீரால் மீன்வளம் என்ன ஆகும் என்று கேட்ட இடிந்தகரை மீனவருக்கு அது பதிலாகுமா?

கேள்வி கேட்பவர்களும் சில இடங்களில் வழுக்குகிறோம். கடனையும் முதலீட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது அதில் முக்கியமானது. ரஷ்ய அரசின் அணுசக்தி நிறுவனமான ரோசாட்டம் துருக்கியின் அக்குயுவில் நான்கு உலைகளைக் கட்டுகிறது. 2010 ஒப்பந்தப்படி அந்த நிலையத்தின் சொந்தக்காரரும் அதுவே. மின்சாரத்தில் ஒரு பகுதியை யூனிட்டுக்கு 12.35 அமெரிக்க சென்ட் விலையில் 15 ஆண்டுகள் வாங்குவதாகத் துருக்கி வாக்குக் கொடுத்திருக்கிறது. வங்கதேசத்தின் ரூப்பூரில் கதை வேறு. 1,265 கோடி டாலர் செலவில் 90 சதவீதம் ரஷ்யக் கடன், நிலையமோ வங்கதேசத்துடையது. கூடங்குளத்திலும் ரஷ்யக் கடன் உண்டு, ஆனால் உரிமையாளர் இந்திய அணுமின் கழகம். எனவே துருக்கியில் மின்கட்டணத்தைப் பற்றிக் கேட்க வேண்டும், வங்கதேசத்தில் தவணையைப் பற்றி. "ரஷ்யாவிடம் விற்றுவிட்டார்கள்" என்று மூன்றுக்கும் ஒரே கோஷம் போட்டால், அதிகாரிகள் சுலபமாகத் தட்டிக் கழித்துவிடுவார்கள்.

எரிந்து முடிந்த எரிபொருளைக் கொடுத்த நாடே எடுத்துக்கொள்ளும் என்று நம்புவது இன்னொரு தவறு. கூடங்குளத்துக்காக ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் 1988இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. சோவியத் உடைந்த பிறகு, 1998இல் செய்த துணை ஒப்பந்தம் அதை மாற்றி, எரிபொருள் இந்தியாவிடமே இருக்கும் என்றது. உலையிலிருந்து எடுத்த எரிபொருள் கட்டுகள் சூடு தணிய ஆண்டுக்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் கிடக்க வேண்டும். தொட்டி நிரம்புவதற்குள் வேறு சேமிப்பிடம் தேவை. அதை ஐந்தாண்டில் கட்ட வேண்டும் என்பது கூடங்குளம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்போடு வந்த கெடு. 2018இல் அது 2022 வரை நீட்டிக்கப்பட்டது. ரூப்பூர் எரிபொருளையோ ரஷ்யா திரும்ப எடுத்துக்கொள்ளும். இந்த வித்தியாசத்தை நம்மூரில் இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் வருகிறார்கள், எனவே பயமில்லை என்பதும் சரியல்ல. அவர்கள் முக்கியமாக எரிபொருள் ஆயுதத்துக்குப் போகிறதா என்று கணக்குப் பார்ப்பவர்கள். உலைப் பாதுகாப்புக்கு அனுமதி தருவது நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்.

கடைசியாக, அணு விபத்து இழப்பீடு பற்றிப் பழைய கட்டுரைகளைப் பகிராதீர்கள். 2010இல் வந்த இழப்பீட்டுச் சட்டம் உலையை நடத்துபவரின் பொறுப்பை 1,500 கோடி ரூபாயோடு நிறுத்தியது. குறையுள்ள கருவி கொடுத்த நிறுவனத்திடம் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழி வைத்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய அணுசக்திச் சட்டமான சாந்தி (SHANTI) சட்டம் அந்த வழியைச் சுருக்கிவிட்டது: ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலோ, வேண்டுமென்றே சேதம் விளைவித்திருந்தாலோதான் கேட்க முடியும். ஆகவே இனி வரும் ஒவ்வொரு உலைக்கும், ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள்.