தமிழ் இணையப் பக்கத்தில் வெற்றிடம் விடும் முறை

ஈய எழுத்துக்களைக் கையால் கோத்து அச்சிட்ட காலத்தில் வெற்றிடம் என்பது விரலால் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருளாக இருந்தது. இரண்டு சொற்களுக்கு நடுவே இடம் வேண்டுமானால், எழுத்தின் உயரத்தை எட்டாத ஓர் ஈயத் துண்டைத் தேடியெடுத்துச் செருக வேண்டும். இரண்டு வரிகளுக்கு நடுவே இடம் வேண்டுமானால், மெல்லிய ஈயத் தகடு ஒன்றை நீளவாட்டில் வைக்க வேண்டும். அச்சுக் கோப்பவர் ஒவ்வோர் இடைவெளியையும் அறிந்தே வைத்தார். வைக்காவிட்டால் அது அங்கே இராது. கணினித் திரையில் நிலைமை தலைகீழாகிவிட்டது. திரை தொடக்கத்திலேயே வெறுமையாக இருப்பதால், அதில் எதையெதையோ வைத்த பிறகு மிஞ்சுவதையே இடைவெளி என்று எண்ணிவிடுகிறோம். இணையப் பக்கங்களிலும் செயலிகளிலும் நாம் காணும் நெரிசலில் பெரும்பகுதிக்கு இந்த எண்ணமே வேர். இடைவெளியை மீண்டும் ஒரு பொருளாகக் கருதி, எங்கே எவ்வளவு வைப்பது என்று முடிவு செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன்.

வடிவமைப்பாளர்கள் வொயிட் ஸ்பேஸ் என்று சொன்னாலும், அது வெள்ளையாக இருக்க வேண்டியதில்லை. டார்க் மோடில் கறுப்பும் வெற்றிடமே. பத்திகளுக்கு நடுவே உள்ள இடம், பொத்தானின் விளிம்புக்கும் அதிலுள்ள சொல்லுக்கும் நடுவே உள்ள இடம், வரிகளுக்கு நடுவே உள்ள இடம், பக்கத்தின் ஓரம் ஆகிய எல்லாம் இதில் அடங்கும்.

உள்ளே குறைவு, வெளியே கூடுதல்

அருகருகே இருப்பவற்றை ஒரே கூட்டமாகவும் விலகி இருப்பவற்றை வேறாகவும் கண் எடுத்துக்கொள்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-இல் புள்ளிகளை வரைந்து விளக்கிய உண்மை இது. வடிவமைப்பில் இதிலிருந்து கிடைக்கும் விதி ஒன்றுதான்: ஒரு தொகுதிக்கு உள்ளே இருக்கும் இடைவெளி, அத்தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைவிடத் தெளிவாகக் குறைந்திருக்க வேண்டும். நான் குறைந்தது இரு மடங்கு வேறுபாடு வைப்பேன். மும்மடங்கு இருந்தால் ஐயத்துக்கு இடமே இராது.

ஓர் எடுத்துக்காட்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கைத்தறிக் கடையின் ஆர்டர் படிவத்தைத் திருத்தும் வேலை என்னிடம் வந்தது. பெயர், கைப்பேசி எண், முகவரி, பின்கோடு என்று வழக்கமான கட்டங்கள்தாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே அதன் பெயர் எழுதப்பட்டிருந்தது. பெயருக்கு மேலே 16 பிக்சல், கீழே 16 பிக்சல். அளவெடுத்து வைத்ததுபோல் சமமாக இருந்ததுதான் கோளாறு. கைப்பேசியில் படிவம் பாதி உருண்டு நிற்கும்போது, 'முகவரி' என்ற சொல் மேலே உள்ள கட்டத்துக்கு உரியதா, கீழே உள்ளதற்கு உரியதா என்பது தெரியவில்லை. கைப்பேசி எண்ணுக்கான கட்டத்தில் முகவரியுடன் ஆர்டர்கள் வந்துகொண்டிருந்தன. பெயருக்கும் அதன் கட்டத்துக்கும் நடுவே 8, கட்டத்துக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே 24 என்று மாற்றினேன். முன்பும் கூட்டுத்தொகை 32, பின்பும் 32. படிவம் ஒரு பிக்சல்கூட நீளவில்லை. குழப்பம் மட்டும் நின்றது.

'இவ்வளவு இடம் வீணாகிறதே' என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு நான் இந்தப் படிவத்தின் இரு நிலைகளையும் அருகருகே வைத்துக் காட்டுவது வழக்கம். வெற்றிடத்தைக் கூட்டுவது வேறு, பங்கிடுவது வேறு என்பதை வாதத்தால் விளக்குவதைவிட இது விரைவில் விளக்கிவிடுகிறது.

அளவுகளை முதலிலேயே வரையறுத்தல்

பக்கத்தை வரையத் தொடங்குமுன் ஓர் அளவுப் பட்டியலை எழுதிக்கொள்ள வேண்டும். 4, 8, 12, 16, 24, 32, 48, 64 பிக்சல் என்ற வரிசை பெரும்பாலான பணிகளுக்குப் போதும். இதற்கு வெளியே ஓர் எண்ணைக் கையாளத் தோன்றும்போது, பட்டியலில் அடுத்துள்ள அளவு ஏன் போதவில்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்தில் ஒன்பது முறை அதுவே போதும். இவ்வளவுகளை, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியில் மாறிகளாக (பெயரிட்ட மதிப்புகளாக) ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டால், பிறகு ஒரே இடத்தில் திருத்தலாம்.

இடைவெளியை எங்கே எழுதுவது என்பதிலும் கவனம் தேவை. ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியே மார்ஜின், அதாவது விளிம்புக்கு வெளியே உள்ள இடம், கொடுத்தால், ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் இரண்டு மார்ஜின்கள் ஒன்றில் ஒன்று அடங்கிவிடும்: மேலுள்ளதற்கு 24, கீழுள்ளதற்கு 16 என்று எழுதினால் கிடைப்பது 40 அன்று, 24. உறுப்புகளை வரிசையாகவும் கட்டங்களாகவும் அடுக்கும் ஃபிளெக்ஸ், கிரிட் அமைப்புகளுக்குள் இவ்வாறு அடங்குவதில்லை என்பதால், அதே எண்கள் ஓரிடத்தில் ஒரு விதமாகவும் மற்றோரிடத்தில் வேறு விதமாகவும் தெரிந்து புதியவர்களைத் திணறடிக்கும். உள்ளடங்கிய உறுப்புகளான பிள்ளைகளுக்கு நடுவே உள்ள இடத்தை, அவற்றைத் தாங்கும் தாய் உறுப்பில் கேப் என்ற பண்பால் கொடுப்பதே நல்லது. இடைவெளி உறவைக் குறிப்பதால், அதை உறவு நிகழும் இடத்தில் எழுதுவதுதான் முறையும்கூட.

தமிழ் எழுத்துக்கு உரிய கணக்கு

ஆங்கிலப் பக்கத்துக்கென எழுதப்பட்ட அளவுகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவதே நம் தளங்களில் மிகப் பரவலான பிழை என்பேன். ஆங்கிலச் சிற்றெழுத்துக்களில் பல ஒரே உயரத்துக்குள் அடங்கி, மேலும் கீழும் காற்றோட்டம் விட்டு நிற்கும். தமிழில் மீ, வீ போன்றவை மேலே சுழிக்கின்றன. து, நூ போன்றவை கீழே இறங்குகின்றன. மெய்யெழுத்து ஒவ்வொன்றும் தலைமேல் ஒரு புள்ளியைச் சுமக்கிறது. மேல்வரியின் கால் கீழ்வரியின் சுழியை இடிக்காமல் இருக்க, ஆங்கிலத்துக்கு எழுத்தளவைப்போல் 1.5 மடங்கு என்று வைக்கும் லைன்-ஹைட்டை, அதாவது வரியின் உயரத்தை, தமிழ்ப் பத்திக்கு 1.7 அல்லது 1.8 என்று வைக்க வேண்டும். தலைப்புகளுக்கு ஆங்கிலத்தில் 1.1 போதும் என்பார்கள், தமிழில் 1.35-க்குக் கீழே போனால் இரண்டு வரித் தலைப்பு ஒட்டிக்கொள்ளும். இந்த எண்ணைப் பிக்சல் போன்ற அலகு சேர்க்காமல் எழுத வேண்டும். அலகோடு எழுதினால் தாய் உறுப்பில் கணக்கிட்ட உயரமே பிள்ளைகளுக்கும் இறங்கி, பெரிய எழுத்துக்கள் நசுங்கும்.

இதில் ஒரு பின்விளைவு உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. லைன்-ஹைட் கூட்டும் இடம் வரியின் மேலும் கீழும் பாதிப் பாதியாகச் சேர்கிறது. பத்தியின் எழுத்து 17 பிக்சல், லைன்-ஹைட் 1.75 என்று கொள்வோம். வரியின் உயரம் ஏறத்தாழ 30, எனவே எழுத்துக்கு மேலும் கீழும் ஆறு ஆறாக இடம் சேர்கிறது. தலைப்பு 28 பிக்சல், லைன்-ஹைட் 1.4 என்றால் அதற்கும் இருபுறமும் ஏறத்தாழ ஆறு. இப்போது தலைப்புக்கு மேலே 48, கீழே 12 என்று எழுதுகிறோம். நான்கு மடங்கு வேறுபாடு இருக்கிறது என்று நிம்மதி அடைகிறோம். ஆனால் கண்ணுக்குத் தெரிவது மேலே 60, கீழே 24; வேறுபாடு இரண்டரை மடங்காகச் சுருங்கிவிட்டது. தலைப்பு தன் பத்தியோடு சேராமல் நடுவில் மிதப்பதுபோல் தோன்றினால் காரணம் இதுதான். தமிழில் தலைப்புக்குக் கீழே எழுதும் எண்ணை 8 அல்லது 4 என்று துணிந்து குறைக்கலாம். எழுத்துருவுக்கு எழுத்துரு இந்த இடம் மாறும் என்பதால், நோட்டோ சான்ஸ் தமிழில் சரியாக அமைந்த அளவை முக்தா மலருக்கு மாற்றும்போது மீண்டும் கண்ணால் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

வரியின் நீளம் அடுத்தது. பல வழிகாட்டிகள் பத்தியின் அகலத்தைச் சிஹெச் என்ற அலகில் 65 என்று கொடுக்கச் சொல்லும். அந்த அலகு பூச்சியம் என்ற இலக்கத்தின் அகலத்தைக் கொண்டு கணக்கிடப்படுவது. ண, ஞ, ணை போன்ற அகன்ற எழுத்துக்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. தமிழுக்கு, எழுத்தளவுக்குச் சமமான ஈஎம் அலகில் 36 முதல் 40 வரை வைத்து, வரிக்கு ஏழெட்டுச் சொற்கள் விழுகின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது மேல். கைப்பேசியிலோ கணக்கு மாறுகிறது. 360 பிக்சல் அகலமுள்ள திரையில் இருபுறமும் 32 விட்டால் எழுத்துக்கு 296 மட்டுமே மிஞ்சும். நீண்ட புணர்ச்சிச் சொல் ஒன்று வந்தால் வரிக்கு இரண்டு சொற்கள்தாம் நிற்கும். அங்கே ஓரத்தை 16 ஆகக் குறைப்பதில் தவறில்லை. பெரிய திரையில் தாராளமாக இருப்பது சிறிய திரையில் ஊதாரித்தனமாகிவிடும்.

செய்தித்தாளைப்போல் இரு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்ற ஆசையில் ஜஸ்டிஃபை செய்வதைத் தமிழில் தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் சொற்கள் நீளமானவை. அடுத்த சொல் வரியில் அடங்காமல் கீழே இறங்கும்போது, மிஞ்சிய இடம் முழுவதும் இருக்கும் மூன்று நான்கு சொற்களுக்கு நடுவே பங்கிடப்பட்டு, பத்தியின் குறுக்கே வெள்ளை ஓடைகள் இறங்கும். இடப்புறம் மட்டும் நேராக விட்டுவிடுங்கள். எழுத்துக்களுக்கு நடுவே உள்ள இடத்தையும் தொடாதீர்கள். ஆங்கிலத்தில் பேரெழுத்துத் தலைப்புகளை விரித்து எழுதும் வழக்கம் உண்டு. கொம்பும் காலும் மெய்யை விட்டு ஏற்கெனவே சற்று விலகி நிற்கும் நம் எழுத்துக்கு அந்த அலங்காரம் பொருந்தாது.

இதைச் சொல்லும்போது ஓலைச்சுவடிகள் நினைவுக்கு வருகின்றன. அவற்றில் சொற்களுக்கு நடுவே இடம் விடும் வழக்கம் இல்லை. புள்ளியும் பெரும்பாலும் இடப்படவில்லை. ஆயினும் கயிறு கோக்கும் துளையைச் சுற்றி மட்டும் எழுதாமல் விட்டிருப்பார்கள். ஓலையில் இடம் எவ்வளவு அருமையானது என்று அறிந்தவர்களே, தேவைப்பட்ட இடத்தில் அதைக் கொடுக்கத் தயங்கவில்லை.

பொத்தான்களும் விரல்களும்

பொத்தானின் அகலத்தையும் உயரத்தையும் நிலையான எண்ணாகக் கொடுக்கக் கூடாது. 'லாகின்' என்பதற்கு அளந்த கட்டத்தில் 'உள்நுழைக' ஓரளவு நெருக்கி நுழையும். 'சப்மிட்' கட்டத்தில் 'சமர்ப்பிக்கவும்' நுழையாது. மேலும் கீழும் 12, பக்கங்களில் 24 என்று பேடிங் (விளிம்புக்கும் சொல்லுக்கும் நடுவே உள்ள இடம்) கொடுத்து, அகலத்தைச் சொல்லே முடிவு செய்ய விட வேண்டும்.

தொடுபரப்புக்கு எழுதப்பட்ட அளவுகள் உள்ளன. ஆப்பிள் 44 பாயின்ட் என்றும் ஆண்ட்ராய்டு 48 டிபி என்றும் பரிந்துரைக்கின்றன (இரண்டும் திரையின் அடர்த்தியைச் சாராத அலகுகள்). மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வழிசெய்வதற்கென 2023-இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 அணுகல் நெறிமுறை, குறைந்தது 24 பிக்சல் சதுரம் இருக்க வேண்டும் என்கிறது. சின்னம் அதைவிடச் சிறிதானாலும் சுற்றியுள்ள வெற்றிடம் போதிய அளவு இருந்தால் அந்நெறிமுறை ஏற்றுக்கொள்கிறது. வெற்றிடமும் பொத்தானின் பகுதியே என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டியதில்லை. 'சேமி' என்பதையும் 'நீக்கு' என்பதையும் 8 பிக்சல் இடைவெளியில் அருகருகே வைப்பவர்கள், ஓடும் பேருந்தில் நின்றுகொண்டு ஒருமுறை தாமே அதை அழுத்திப் பார்க்க வேண்டும்.

எங்கே குறைக்க வேண்டும்

வெற்றிடம் கூடக் கூட அழகு கூடும் என்பது தவறு. ரயில் இருக்கை நிலவரம், மதிப்பெண் பட்டியல், கணக்குப் பேரேடு போன்றவற்றில் பயனர் ஒரே பார்வையில் பல வரிகளை ஒப்பிட வேண்டும். அங்கே வரிகளை நெருக்கி, நிரல்களுக்கு நடுவே மட்டும் இடம் விட வேண்டும். அகன்ற திரையில் 'மொத்தம்' என்ற சொல்லை இடக்கோடியிலும் தொகையை வலக்கோடியிலும் வைத்தால், கண் நடுவழியில் வரி தவறிவிடும். முகப்புத் திரையின் அடிப்பகுதி வெறுமையாக முடிந்தால், பக்கமே அங்கு முடிந்துவிட்டது என்று எண்ணிப் பலர் கீழே உருட்டவே மாட்டார்கள். அடுத்த பகுதியின் தலை சற்றே எட்டிப் பார்க்கும்படி விடுவது இதற்குத் தீர்வு.

சரிபார்த்தல்

மாதிரி உரையாக லோரம் இப்சம் என்ற பொருளற்ற லத்தீன் நிரப்புரையை ஒட்டிப் பார்ப்பதை முதலில் கைவிட வேண்டும். லத்தீன் எழுத்தில் எல்லாம் அடங்கும். தமிழ் வந்து அமரும்போதுதான் உண்மை தெரியும். உங்கள் தளத்தில் வரக்கூடிய மிக நீளமான தலைப்பையும் மிக நீளமான மாவட்டப் பெயரையும் எடுத்து இட்டுப் பாருங்கள்; 'திருச்சிராப்பள்ளி', 'திருவண்ணாமலை', 'இராமநாதபுரம்' ஆகியவை என் வழக்கமான சோதனைச் சொற்கள். பிறகு கண்களை இடுக்கிக்கொண்டு திரையைப் பாருங்கள். எழுத்துக்கள் மங்கிய நிலையிலும் எத்தனை தொகுதிகள் உள்ளன என்று எண்ண முடிந்தால் பங்கீடு சரி.

கடைசியாக, டபிள்யூசிஏஜி 2.1-இல் 2018-இல் சேர்ந்த விதியைக் கொண்டு சோதிக்க வேண்டும். பார்வைக் குறைவோ வாசிப்புச் சிரமமோ உள்ள ஒருவர், லைன்-ஹைட்டை எழுத்தளவைப்போல் 1.5 மடங்காகவும் பத்தி இடைவெளியை 2 மடங்காகவும் சொல்லிடை வெளியை 0.16 மடங்காகவும் தாமே மாற்றிக்கொண்டாலும், பக்கத்தில் எதுவும் மறையவோ செயலிழக்கவோ கூடாது என்பது அதன் சாரம். எழுத்திடை வெளிக்கும் 0.12 என்று ஓர் அளவு உண்டு. நாம் விரித்து எழுதுவதில்லை என்றாலும், பயனர் விரித்துக்கொண்டால் பக்கம் தாங்க வேண்டும். இம்மாற்றங்களைச் செய்தவுடன் உங்கள் பக்கத்தில் செய்தித் துணுக்கைத் தாங்கும் ஏதேனும் ஓர் அட்டையின் கடைசி வரியில் துகரத்தின் வால் வெட்டுப்பட்டு நின்றால், அந்த அட்டைக்கு யாரோ உயரத்தை நிலையாக எழுதியிருக்கிறார்கள் என்று பொருள்; ஹைட் என்பதை மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்) என்று மாற்றிவிட்டு, அடுத்த அட்டைக்குப் போங்கள்.