பார்த்த வரிசை வேறு, எடுத்த வரிசை வேறு

"டி.வி.யில் தொடர் கொலைகாரன் கதையெல்லாம் தொண்ணூறுகளில்தானே வந்தது?" தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய துப்பறியும் தொடர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒரு மாமா இப்படி அடித்துச் சொல்வார். டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் வளர்ந்த நானும் அதை நம்பியவன்தான். நம் வீட்டுப் பெட்டிக்கு வந்த வரிசையிலேயே தொடர்களை எடுத்தார்கள் என்று நினைத்ததுதான் கோளாறு. தென்னாப்பிரிக்காவில் நாடு முழுக்க டி.வி. தொடங்கியதே 1976 ஜனவரி 5 அன்று. அமெரிக்காவில் 'டிராக்நெட்' என்ற போலீஸ் தொடர் 1951-லேயே வந்துவிட்டது. போதாததற்கு, பிரிட்டிஷ் நடிகர் சங்கமான ஈக்விட்டி, நிறவெறி ஆட்சியை எதிர்த்துத் தன் உறுப்பினர்கள் நடித்ததை இங்கே விற்கக் கூடாது என்றது. அதனால் நாம் பார்த்த தேதியை வைத்து ஒரு தொடரின் வயதைக் கணக்குப் போடாதீர்கள்.

அப்புறம், 'சீரியல் கில்லர்' என்ற சொல்லைப் பழைய தொடர்களில் தேடாதீர்கள். அது பரவலானதே எண்பதுகளில். அதற்கு முன் அவன் வெறியன், கழுத்தை நெரிப்பவன், சில சமயம் பேய். 1961-இல் 'த்ரில்லர்' தொடரின் ஒரு கதையில் லண்டனில் பெண்களைக் கொன்ற பழைய கொலைகாரன் ஜாக் த ரிப்பர் சாகாமல் அமெரிக்காவில் திரிகிறான். 1972-இல் வந்த 'தி நைட் ஸ்டாக்கர்' டி.வி. படத்தில் லாஸ் வேகாஸில் பெண்களை வரிசையாகக் கொல்பவன் ரத்தக் காட்டேரி. ஆனால் நிருபர் துப்புத் துலக்குவதையும் அதிகாரிகள் மூடி மறைப்பதையும் பாருங்கள், பின்னால் வந்த போலீஸ் கதைகள் அப்படியே தெரியும். பேய்ப்படம் என்று ஒதுக்கினால் பாதி வரலாறு போச்சு.

வாரம் ஒரு வழக்கு, ஒரு மணி நேரத்துக்குள் கைவிலங்கு என்ற கணக்கில் இந்த மாதிரிக் கதைக்கு இடமில்லை. 1991-இல் 'பிரைம் சஸ்பெக்ட்' என்ற பிரிட்டிஷ் தொடர் இரண்டு இரவுகள் எடுத்துக்கொண்டது. அதில் 'கொலைகாரன் யார்' என்று ஊகிக்க உட்காராதீர்கள், ஆள் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். அவன்மேல் குற்றத்தை நிரூபிப்பதும், ஹெலன் மிர்ரன் நடித்த போலீஸ் அதிகாரி ஜேன் டென்னிசன் தன்கூட வேலை செய்யும் ஆண்களைச் சமாளிப்பதும்தான் கதை.

வெளிநாட்டுத் தொடர்களுக்கு இங்கே போட்ட ஆப்பிரிக்கான்ஸ் மொழி டப்பிங்கை வைத்து நடிப்பை எடை போடுவதும் தப்பு. அசல் குரல் அப்போது 'ரேடியோ 2000' என்ற வானொலி நிலையத்தில் கூடவே வந்தது. டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு ரேடியோவைத் திருகியவர்களுக்குத் தெரியும்.

'மில்லேனியம்' (1996) தொடரில் வரும் விசாரணையாளர் ஃபிராங்க் பிளாக் கொலைகாரனின் கண்ணாலேயே பார்ப்பார். நிஜ விசாரணையும் அப்படித்தான் என்று நம்பிவிட வேண்டாம். அதே காலத்தில் ஃபீனிக்ஸ் கரும்புக் காடுகளில் பெண்களின் சடலங்கள் கிடந்தன. யாருக்கும் காட்சி எதுவும் தெரியவில்லை. வழக்கில் பேசியது டி.என்.ஏ. 1999-இல் தீர்ப்பு, 506 ஆண்டுச் சிறை. "குறுக்கு வழியில் போகாதே" என்று அம்மா தினமும் சொன்னார். செத்துப்போன பெண்களின் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.