கையடக்க ஜிபிஎஸ் கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஜிபிஎஸ் கருவி வாங்க நினைப்பவர், அதை எங்கே வைத்துப் பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். காரின் முன்கண்ணாடியில் பொருத்தும் கருவியும், மலையிலோ காட்டிலோ கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் கருவியும் ஒரே செயற்கைக்கோள்களைக் கொண்டுதான் இயங்குகின்றன என்றாலும், அமைப்பில் அவை முற்றிலும் வேறானவை. கார்க் கருவிக்குப் பெரிய திரை இருக்கும். அது எப்போதும் லைட்டர் சாக்கெட்டிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும் என்ற எண்ணத்தில் செய்யப்படுவதால், உள்ளே இருக்கும் பேட்டரி பெரும்பாலும் ஒரு மணி நேரத்தைச் சுற்றித்தான் தாங்கும். நடைப்பயணக் கருவியின் திரை சிறியது. ஆனால் அது மழையையும் கீழே விழுவதையும் தாங்கும், நாள்கணக்கில் ஓடும். இரண்டு வேலைக்கும் ஒரே கருவி என்று தேடினால் இரண்டிலும் அரைகுறையான ஒன்றே அமையும். ஆகவே, எந்த இடத்தில் வழி தவறினால் அதிகச் சிக்கலோ அந்த இடத்துக்கு ஏற்ற கருவியை வாங்குவதே நல்லது.

கையில் செல்போன் இருக்கும்போது தனிக் கருவி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. செல்போனில் உள்ள ஜிபிஎஸ் ஏற்பிக்கு, அதாவது செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும் பகுதிக்கு, செல்போன் சிக்னல் தேவையில்லை. வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்திருந்தால், இணையம் இல்லாத இடத்திலும் அது நம் இருப்பிடத்தைச் சரியாகவே காட்டும். நகரத்துக்குள்ளும் நன்கு அறிந்த நெடுஞ்சாலைகளிலும் மட்டும் ஓட்டுபவருக்கு அதுவே போதும் என்பதுதான் என் கருத்து. ஆனால் வெயில் நேராக விழும் முன்கண்ணாடியில் மணிக்கணக்கில் வைத்தால், செல்போன் சூடேறித் திரையின் ஒளியைக் குறைத்துக்கொள்ளும், சில வேளைகளில் தானாகவே அணைந்தும் போகும். மலையேற்றத்தில் வழி பார்த்தே பேட்டரி தீர்ந்துவிட்டால், அவசரத்துக்கு ஒருவரை அழைக்கவும் வழி இருக்காது. இந்த இரண்டில் ஒன்று உங்களுக்குப் பொருந்துமானால் தனிக் கருவி அவசியம்.

விளம்பரங்களில் துல்லியத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். பொதுமக்களுக்கான சிக்னலின் துல்லியத்தை அமெரிக்க அரசு வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த வழக்கம் 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு, திறந்த வானத்தின் கீழ் எந்த நல்ல கருவியும் சில மீட்டர் பிழைக்குள் இடத்தைச் சொல்லிவிடுகிறது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களுடன் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் இன்றைய கருவிகள் பல சேர்த்துப் பயன்படுத்துகின்றன. இருப்பிடத்தையும் உயரத்தையும் கணக்கிட நான்கு செயற்கைக்கோள்கள் தெரிந்தால் போதும். வானத்தின் பெரும்பகுதி பாறைகளாலோ கட்டடங்களாலோ மறைக்கப்படும்போது, எத்தனை அமைப்புகளைப் படிக்க முடிகிறதோ அவ்வளவுக்கு நல்லது.

கருவிகளுக்கிடையே வேறுபாடு வெளிப்படுவது செங்குத்தான பள்ளத்தாக்கிலும் அடர்ந்த காட்டிலும்தான். அங்கே சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி, சற்றுத் தாமதமாக வந்து சேர்வதால், கருவி நம்மை இல்லாத இடத்தில் காட்டும். 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையோடு 1176.45 மெகாஹெர்ட்ஸையும் படிக்கும் இரட்டை அலைவரிசைக் கருவிகள் இந்தப் பிழையை நன்றாகக் குறைக்கின்றன. மலையில் நடப்பவர் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாம். கார் ஓட்டுபவருக்கு இது பெரிதாகத் தேவைப்படாது. கிடைக்கும் இடத்தை அருகிலுள்ள சாலையோடு பொருத்திக் காட்டும் வேலையைக் கருவியின் மென்பொருளே செய்துவிடுகிறது.

துல்லியத்தில் பெரும்பாலான கருவிகள் நெருங்கி வந்துவிட்ட நிலையில், நல்ல கருவியையும் வீண் செலவையும் பிரிப்பது வரைபடம்தான் என்று உறுதியாகச் சொல்வேன். கார்க் கருவி என்றால், நீங்கள் ஓட்டப்போகும் நாடுகளின் வரைபடம் அதிலேயே இருக்கிறதா, புதுப்பிப்பு இலவசமா என்று கேளுங்கள். 'ஆயுள் முழுவதும் இலவசம்' என்று எழுதியிருந்தால், அந்த ஆயுள் கருவியுடையது. அது எப்போது முடிகிறது என்பதை நிறுவனத்தின் நிபந்தனைகளே முடிவு செய்யும் என்பதால் அவற்றைப் படித்துவிடுவது நல்லது. புதுப்பிப்புகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிக்கொண்டே போவதால், மைக்ரோ எஸ்டி கார்டு போடும் இடம் இல்லாத கருவியில் சில ஆண்டுகளில் இடம் போதாமல் போகலாம். வைஃபை மூலம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி இருந்தால், கணினியில் இணைக்கும் வேலை மிச்சமாகும். அந்த வேலை இருப்பதால்தான் பலர் புதுப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். கடையில் கருவியைக் கையில் எடுத்ததும், உங்களுக்கு நன்கு தெரிந்த, அண்மையில் போடப்பட்ட ஒரு சாலையைத் தேடிப் பாருங்கள். முகவரியைத் தட்டச்சு செய்ய எத்தனை முறை தொட வேண்டியிருக்கிறது, எழுத்துப் பிழையோடு அடித்தாலும் கண்டுபிடிக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

நடைப்பயணக் கருவியில் வரைபடத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். விலை குறைந்த கருவிகள் பலவற்றில் இருக்கும் அடிப்படை வரைபடம் நெடுஞ்சாலைகளையும் பெரிய ஊர்களையும் மட்டுமே காட்டும். மலையில் அது ஏறக்குறைய வெற்றுத் தாள்தான். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளும் ஒற்றையடிப் பாதைகளும் ஓடைகளும் உள்ள நிலவியல்பு வரைபடம் வேண்டும். அந்தக் கோடுகள் எத்தனை மீட்டருக்கு ஒன்றாக வரையப்பட்டுள்ளன என்பதையும் பாருங்கள். 50 மீட்டருக்கு ஒரு கோடு என்றால், 30 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை ஒன்று இரண்டு கோடுகளுக்கிடையே அடையாளமே தெரியாமல் மறைந்துவிடலாம். இறங்குவதற்கு எளிதான சரிவு என்று எண்ணி அதன் விளிம்புக்கே போய் நிற்க நேரும். 10 அல்லது 20 மீட்டர் இடைவெளி உள்ள வரைபடம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். தன்னார்வலர்கள் சேர்ந்து வரைபடம் உருவாக்கும், 2004இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்தின் தரவுகளிலிருந்து உருவாக்கப்பட்ட இலவச வரைபடங்களை ஏற்றிக்கொள்ள அனுமதிக்கும் கருவியாக இருந்தால் மிகவும் நல்லது. பாதைகளை, கருவிகளுக்கிடையே பகிர்வதற்கான பொதுவடிவமான ஜிபிஎக்ஸ் கோப்பாக ஏற்றவும் எடுக்கவும் முடியாத கருவியை, மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

திரையைக் கடையின் விளக்கொளியில் வைத்து எடைபோட முடியாது. அனுமதி கேட்டு வெயிலுக்கு எடுத்துச் சென்று, பின்னொளியை முழுவதும் அணைத்துவிட்டுப் பாருங்கள். நல்ல நடைப்பயணக் கருவியின் திரை வெயில் விழ விழத் தெளிவாகும், ஏனெனில் சூரிய ஒளியையே திருப்பி அனுப்பி எழுத்தைக் காட்டும் வகையில் அது செய்யப்பட்டிருக்கும். கார்க் கருவியில் 5 முதல் 7 அங்குலம் வரையிலான திரைகள் பரவலாகக் கிடைக்கின்றன. பெரிதாக வாங்கும்போது அது சாலையை மறைக்காமல் எங்கே பொருத்தலாம் என்பதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். நடைப்பயணத்துக்கு என்னைப் பொறுத்தவரை தொடுதிரையைவிடப் பொத்தான்களே மேல். மழைத்துளி விழுந்தால் சில தொடுதிரைகள் தாமாகவே வரைபடத்தை நகர்த்திவிடும். கையுறையோடு தொட்டால் பல திரைகள் கேட்பதில்லை.

பேட்டரியில் இரண்டு வகைகள் உண்டு. டபுள் ஏ செல் போடும் கருவியில், தீர்ந்ததும் வேறு செல்லை மாற்றிக்கொண்டு நடக்கலாம். கடுங்குளிருக்கு லித்தியம் செல்கள் சாதாரண அல்கலைன் செல்களைவிட நன்றாகத் தாங்கும். உள்ளேயே பொருத்தப்பட்ட ரீசார்ஜ் பேட்டரி கூடுதல் நேரம் ஓடலாம், ஆனால் பவர் பேங்க் ஒன்றையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் மணிக்கணக்கு, திரையொளியைக் குறைத்து வைத்து அளந்ததாக இருக்கக்கூடும் என்பதால் அதில் ஒரு பகுதியைக் கழித்தே திட்டமிடுங்கள். கார்க் கருவியை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுச் செல்லக் கூடாது. அந்த வெப்பத்தில் பேட்டரி உப்பிவிடக்கூடும்.

திசைகாட்டி உள்ளதா என்பதை ஒரே நிமிடத்தில் சோதிக்கலாம். நின்ற இடத்தில் நின்றபடி கருவியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். வரைபடமோ முள்ளோ உங்களோடு சேர்ந்து சுற்றினால் மின்னணுத் திசைகாட்டி இருக்கிறது. இல்லாவிட்டால் நடக்கத் தொடங்கிய பிறகுதான் கருவிக்குத் திசை தெரியும். பாதை பிரியும் இடத்தில் நின்று யோசிப்பவருக்கு அது பெரிய குறை. காற்றழுத்த உயரமானி பயனுள்ளதுதான் என்றாலும், வானிலை மாறும்போது அது தவறும். கடல்மட்டத்துக்கு அருகே அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் மாறினாலே காட்டும் உயரம் 8 மீட்டர் அளவுக்கு மாறிவிடும். ஆகையால் உயரம் தெரிந்த இடங்களில் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

நீர்த்தடுப்புக்கு ஐபிஎக்ஸ்7 என்ற தரம் இருந்தால், 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் வரை தாங்கும். கார்க் கருவியில் எந்த லேனில் செல்ல வேண்டும் என்று முன்கூட்டியே காட்டுவதும், சாலையின் பெயரைச் சொல்லி வழிகாட்டுவதும் பணம் கொடுக்கத் தகுந்தவை. லாரி ஓட்டுபவர், வண்டியின் உயரத்தையும் எடையையும் பதிவு செய்யும் வசதியுள்ள தனி வகையையே வாங்க வேண்டும். சாதாரண கருவிக்குத் தாழ்வான பாலம் ஒரு தடையாகத் தெரியாது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளுக்குச் சந்தா கட்ட வேண்டும், சில நாடுகளில் முன் அனுமதியும் பெற வேண்டும். ஆனாலும் தனியாகத் தொலைதூர மலைகளுக்குப் போகிறவர் வேறு எந்த வசதியையும்விட அதற்குத்தான் முன்னுரிமை தர வேண்டும்.

பழைய கருவியை வாங்குவதாக இருந்தால், திறந்த வெளியில் வைத்து அது காட்டும் தேதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் சிக்னலில் வாரங்களின் எண் 1,024 ஆனதும் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். 2019 ஏப்ரலில் அப்படி நடந்தபோது, மென்பொருள் புதுப்பிக்கப்படாத சில கருவிகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விட்டன. நெடுநாள் அணைத்து வைத்திருந்த கருவிக்கு, எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்று சொல்லும் முழு அட்டவணை வந்து சேர 12.5 நிமிடம் ஆகும் என்பதால், இந்தச் சோதனையைக் கால் மணி நேரம் பொறுத்துச் செய்யுங்கள். புதிய கருவியானால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் தெரிந்த பாதை ஒன்றில் சென்று, வேண்டுமென்றே ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு, மாற்று வழியை எவ்வளவு விரைவில் சொல்கிறது என்று கவனியுங்கள். நடைப்பயணக் கருவியானால், சென்று வந்த தடத்தைக் கணினியில் ஏற்றி, மரங்கள் அடர்ந்த பகுதியில் அது எத்தனை மீட்டர் விலகியிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகு பெட்டியைத் தூக்கிப் போடுங்கள்.