துபாய் டு சலாலா கார்ல போறீங்களா? பெரிய ஹோட்டலுக்கு காசு குடுக்கறதா இருந்தா இப்படி குடுங்க

ஜூலை பொறந்துட்டா துபாய், ஷார்ஜா பக்கம் இருக்கற நம்மாளுங்களுக்கு ஒரே கிறுக்குதான், கார எடுத்துட்டு ஒமான்ல இருக்கற சலாலா போயிடணும். இங்க 45 டிகிரில வெந்துட்டு இருக்கறப்போ அங்க கரீஃப்னு சொல்ற மழை சீசன்ல தூறலும் பச்சையும் தென்னந்தோப்புமா நாகர்கோவில் பக்கம் வந்துட்ட மாதிரி இருக்குன்னா யாருக்குத்தான் ஆசை வராது. ஆனா ஒரு வழிக்கே 1200 கிலோமீட்டர், அதுல பெரும்பகுதி ஒண்ணுமே இல்லாத பாலைவனம், குழந்தைங்க பெரியவங்க எல்லாம் இருந்தா நடுவுல தங்கித்தான் ஆகணும். அப்படி தங்கறப்போ ஒரு ராத்திரியாவது நல்ல ஹோட்டல்ல தங்கலாமேன்னு தோணும் பாருங்க, அங்கதான் நிறைய பேர் காசை கொட்டிட்டு வர்றாங்க.

நானும் கொட்டினவன்தான். முதல் தடவை வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிச்சிட்டு மதியம் கிளம்பி, பார்டர்ல கூட்டத்துல மாட்டி, ஹோட்டல் வாசல்ல போய் நின்னப்போ ராத்திரி பத்தே கால். பசங்க ரெண்டு பேரும் தூக்கத்துல, ஆளுக்கு ஒண்ணா தோள்ல போட்டுட்டு போய் படுக்க வச்சோம். காலைல அஞ்சு மணிக்கு கிளம்பியாச்சு, பிரேக்ஃபாஸ்ட் ஆறரைக்குத்தான் ஆரம்பம், நீச்சல் குளத்தை ஜன்னல் வழியா பார்த்ததோட சரி. நடுவழில ஹைமாங்கற ஊர் தாண்டினப்புறம் வீட்டம்மா மெதுவா சொன்னா, "லைட்ட அணைச்சிட்டா எல்லா ரூமும் ஒண்ணுதாங்க, இதுக்கா அவ்ளோ குடுத்தோம்". அதுக்கு என்ன பதில் சொல்றது.

அதனால இப்போ நான் வச்சிருக்கற கணக்கு இதுதான். ஹோட்டல்ல எத்தனை மணி நேரம் முழிச்சிட்டு இருக்கப் போறோம்னு எண்ணிப் பாருங்க. பத்து மணி நேரம் கூட வரலைன்னா அந்த இடத்துக்கு சாதா ரெஸ்ட் ஹவுஸ் போதும், சுத்தமான பெட்ஷீட்டும் ஓடற ஏசியும் இருந்தா முடிஞ்சுது. மதியம் ரெண்டு மூணு மணிக்கு உள்ள போய் மறுநாள் பதினொண்ணு பன்னெண்டுக்கு வெளிய வர்ற மாதிரி இருந்தா மட்டும் பெரிய ஹோட்டல்.

இந்த கணக்குல இந்த ரூட்ல சரியா உட்கார்ற இடம் ஒண்ணுதான், ஜபல் அக்தர். நிஸ்வா பக்கத்துல இருக்கற மலை, பேருக்கு அர்த்தமே பச்சை மலை. அனந்தரா, அலிலான்னு ரெண்டு பெரிய ரிசார்ட் மேல இருக்கு, அலிலா 2014ல வந்தது, அனந்தரா 2016ல. அனந்தரா இருக்கறது கிட்டத்தட்ட 2000 மீட்டர் உயரத்துல, அதாவது நம்ம கொடைக்கானல் உயரத்துக்கு கொஞ்சம் கம்மி, பள்ளத்தாக்கு விளிம்பிலேயே கட்டியிருக்காங்க. அங்க டயானா பாயிண்ட்னு ஒரு வியூ பாயிண்ட் இருக்கு, 1986ல டயானாவும் சார்லஸும் வந்து பார்த்த இடம். கீழ நிஸ்வால அனல் அடிக்கறப்போ மேல பத்து டிகிரிக்கு மேல குறைஞ்சிருக்கும். துபாய்ல ரெண்டு மாசமா வீடு, கார், மால்னு ஏசிக்குள்ளயே கிடந்த பசங்களுக்கு சாயங்காலம் வெளிய நிக்க முடியுதுங்கறதே பெரிய விஷயம், அந்த ஒண்ணுக்கே காசு குடுக்கலாம்னு சொல்வேன். கொடைக்கானல் மாதிரி காடு, ஏரின்னு எதிர்பார்த்துட்டு போகாதீங்க, பாறைதான், நடுநடுவுல படிப்படியா தோட்டம். அல் அக்ர், அல் ஐன்னு அந்த படித்தோட்ட கிராமங்கள் வழியா நடக்கற பாதை இருக்கு, வெயில் தாழ்ந்ததும் நடங்க. ரோஜா பார்க்கணும்னா அது ஏப்ரல் சமாசாரம், ஜூலைல போய் ரோஜா எங்கன்னு கேட்டா சிரிப்பாங்க, அப்போ மரத்துல மாதுளைதான் காய் விட்டுட்டு இருக்கும்.

இனி கார். இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. பிர்கத் அல் மௌஸ் ஊர் தாண்டி மலை ஏறப் போற இடத்துல செக்போஸ்ட் இருக்கு, ஃபோர் வீல் டிரைவ் இல்லாத வண்டியை மேல விடமாட்டாங்க. ரோடு என்னமோ அருமையான தார் ரோடுதான், அப்புறம் ஏன்னா இறக்கம். பிரேக்கை மிதிச்சிட்டே இறங்கினா சூடாகி பிடிக்காம போயிடும், அதுக்குன்னே ரோட்டோரத்துல பிரேக் போன வண்டி ஏறி நிக்கறதுக்கு மண் மேடு வச்சிருக்காங்க, அதைப் பார்த்தாலே புரிஞ்சிடும். முல்கியாவையும் (வண்டியோட ரிஜிஸ்ட்ரேஷன் கார்டு) லைசென்ஸையும் கைல வச்சுக்கோங்க, கேட்பாங்க. சில பேர் "என்னோடது எஸ்யூவிதானே"ன்னு போய் நிப்பாங்க, பார்க்க உயரமா இருந்தா போதாதுங்க, நாலு வீலும் இழுக்கணும். செடான் வச்சிருக்கறவங்க ஹோட்டலுக்கு முன்னாடியே மெயில் போட்டு கீழேருந்து ஏத்திட்டு போற வண்டிக்கு எவ்வளவுன்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க, வண்டியை கீழயே நிறுத்திட்டு ராத்திரி பையை மட்டும் எடுத்துட்டு போகலாம். சொந்தமா ஓட்டிட்டு போறவங்க இறங்கறப்போ மேனுவல் மோடுல போட்டு லோ கியர்லயே வாங்க, எஞ்சின் சத்தம் போடும், போடட்டும்.

நேரம் எப்படின்னா, ஷார்ஜாலேருந்து விடிகாலை அஞ்சுக்கு கிளம்புங்க. அல் ஐன் (மலை மேல சொன்ன கிராமம் இல்ல, அமீரகத்துல இருக்கற ஊர்) போய் மெஸ்யத் பார்டர் தாண்டி இப்ரி, பஹ்லா, நிஸ்வான்னு ரூட். 450 கிலோமீட்டருக்கு மேல வரும், பார்டர் நேரத்தையும் சேர்த்து ஏழெட்டு மணி நேரம் வச்சுக்கோங்க. அபுதாபி எல்லைக்குள்ள நுழைஞ்சதும் துபாய் மாதிரி லிமிட்டுக்கு மேல 20 கிலோமீட்டர் வரைக்கும் கேமரா விட்டுடற சலுகை கிடையாது, போர்டுல போட்டிருக்கறதுதான் லிமிட், துபாய் பழக்கத்துல அழுத்திடாதீங்க. ஒமான் செல்லுபடியாகற இன்சூரன்ஸ் பேப்பர் கைல இருக்கணும், நிறைய பாலிசில ஏற்கனவே சேர்ந்தே இருக்கும், ஆனா அந்த பேப்பரை தனியா கேட்டு வாங்கணும். கார் வேற யார் பேர்லயாவது இருந்தா அவங்க லெட்டரும் வேணும்.

இப்படி கிளம்பினா ஒரு மணி வாக்குல பிர்கத் அல் மௌஸ்ல இருப்பீங்க. அந்தப் பேருக்கே வாழைக்குளம்னு அர்த்தம், நம்மூர் வாய்க்கால் மாதிரி ஓடற அங்க இருக்கற ஃபலஜ் 2006ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது, பசங்களை இறக்கி தண்ணில கை நனைக்க விடுங்க. பெட்ரோல் கீழயே ஃபுல் பண்ணிடுங்க. மலை ஏறறப்போ காது அடைக்கும், வளைவுல வாந்தி வர்ற பிள்ளை இருந்தா சாப்பாட்டை மேல போய் குடுக்கறது நல்லது, இதை நான் சீட் கவரை கழுவிக் கத்துக்கிட்டேன்.

புக்கிங்ல ரெண்டு மூணு விஷயம் கவனிங்க. ஒமான் ஹோட்டல்ல சில சமயம் ரேட் சொல்றப்போ ப்ளஸ் ப்ளஸ்னு சொல்வாங்க, அப்படின்னா சர்வீஸ் சார்ஜ், முனிசிபாலிட்டி வரி, டூரிசம் வரி, 2021லேருந்து வந்த 5 சதவீத வாட் எல்லாம் அதுக்கு மேல, மொத்தத்துல பதினஞ்சு சதவீதத்துக்கு மேல ஏறிடும். மொத்தமா கைலேருந்து போறது எவ்வளவுன்னு ஒரே நம்பரா கேளுங்க. அதுவும் ரியால்ல, ஒரு ரியால்னா ஒன்பதரை திர்ஹாம், "நூறுதானே"ன்னு தலையாட்டிட்டு அப்புறம் கார்டு மெசேஜ் பார்த்து முழிக்கக் கூடாது. பசங்க வயசை சரியா போடுங்க, எந்த வயசு வரைக்கும் ஃப்ரீ, எக்ஸ்ட்ரா பெட்டுக்கு எவ்வளவுன்னு ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். ஹாஃப் போர்டு, அதாவது காலைச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் வாடகையோட சேர்ந்து வர்றதை எடுக்கறதுதான் புத்திசாலித்தனம்னு நினைக்கறேன், ஏன்னா மலை மேல ராத்திரி வெளிய போய் சாப்பிட்டு வர்றதெல்லாம் நடக்காது, ஹோட்டல்ல மெனு பார்த்து ஆர்டர் பண்ணா நாலு பேருக்கு ரூம் வாடகைல பாதி போயிடும். செக்-இன் அப்போ டெபாசிட்னு ஒரு தொகையை கார்டுல பிடிச்சு வைப்பாங்க, அதுக்கு கிரெடிட் கார்டு குடுங்க, டெபிட் கார்டு குடுத்தா அந்தக் காசு திரும்பி வர்ற வரைக்கும் சலாலால கை கட்டின மாதிரி இருக்கும். நீச்சல் குளம் பெரியவங்களுக்கு மட்டுமா பிள்ளைங்களுக்கும் உண்டான்னு இப்பவே கேட்டுடுங்க, ஏன்னா உங்க பசங்க வழி பூரா அதைப் பத்தித்தான் பேசிட்டு வருவாங்க.

எங்க அம்மா கூட வந்தப்போ இன்னொண்ணு கத்துக்கிட்டேன். இந்த மாதிரி ரிசார்ட்ல ரூம்லேருந்து ரெஸ்டாரண்ட் போறதுக்கே ஒரு தெரு தூரம் நடக்கணும். முட்டிவலி இருக்கறவங்க இருந்தா லாபிக்கு பக்கத்துல படி இல்லாத ரூமா குடுங்கன்னு முன்கூட்டியே எழுதுங்க, நேர்ல போய் கேட்டா அந்த ரூம் வேற யாருக்காவது போயிருக்கும். அம்மாவுக்கு ஒரு ஷாலும், ஜூலைன்னாலும் ராத்திரி சிலுசிலுன்னு காத்தடிக்கும்.

பேக்கிங்தான் இருக்கறதுலயே முக்கியம், யாரும் சொல்றதில்லை. அந்த ஒரு ராத்திரிக்குன்னு தனியா ஒரு பை போட்டு டிக்கில எல்லாத்துக்கும் மேல வைங்க, ஆளுக்கு ரெண்டு செட் துணி, ஸ்விம்மிங் டிரஸ், சார்ஜர், மருந்து, பாஸ்போர்ட். இல்லைன்னா என்ன ஆகும்னா, அந்த ஹோட்டல் வாசல்ல காரை வாங்கி நிறுத்தற வாலே ஆளு டிக்கியை திறப்பான், உள்ள பாய், வாளி, தண்ணி கேஸ், அடுப்பு, ஊறுகாய் பாட்டில்னு நம்ம குடும்ப மானம் மொத்தமும் பளபளன்னு இருக்கற லாபி முன்னாடி இறங்கும். வெட்கப்பட ஒண்ணுமில்லதான், ஆனா அதை இறக்கி திருப்பி ஏத்தறதுக்கே ஒரு மணி நேரம் போயிடும், அந்த நேரத்துக்கும் காசு குடுத்திருக்கோம். பெட்டி தூக்கற பையனுக்கு ஐந்நூறு பைசா, அதாவது அரை ரியால், தனியா சில்லறையா வச்சுக்கோங்க. ஸ்விம்மிங் டிரஸ்னா நைலான் துணிதான், காட்டன் டீ ஷர்ட்டோட குளத்துல இறங்க விடமாட்டாங்க.

ரைஸ் குக்கரை ரூமுக்குள்ள கொண்டு போகாதீங்க ப்ளீஸ், ஆவிக்கு ஸ்மோக் அலாரம் கத்தினா ராத்திரில அந்த வராண்டாவே எழுந்து நிக்கும். முதல் நாள் மதியத்துக்கு புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவின இட்லியும் வீட்லேருந்து கட்டிட்டு வந்துடுங்க, ராத்திரியும் காலைலயும் ஹோட்டல்ல. காலைல பஃபேல ஒன்பது மணிக்கு நிதானமா உட்காருங்க, பிள்ளைங்களை வயிறு நிறைய சாப்பிட வைங்க, அதுக்கப்புறம் ஒழுங்கான சாப்பாடு ராத்திரிதான். மினி பார் சாக்லேட்டை தொடக்கூடாதுன்னு ரூம் கதவு திறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்.

சில பேர் திரும்பி வர்றப்போ ஜபல் அக்தர் போறேன்னு சொல்வாங்க, களைப்பு தீருமாம். வேணாம்னுதான் சொல்வேன். சலாலாலேருந்து நிஸ்வா கிட்டத்தட்ட 870 கிலோமீட்டர், நீங்க அடிவாரத்துக்கு வர்றதுக்குள்ள இருட்டிடும், தூக்கக் கலக்கத்துல அந்த மலையை ராத்திரில ஏறணும், போய் சேர்ந்தா மறுபடியும் அதே பத்தே கால் மணி கதைதான். போறப்பவே முடிச்சிடுங்க. சலாலாலயும் பீச் ரிசார்ட் எல்லாம் இருக்கு, ஆனா அங்க நாம பூரா நாளும் வெளியதான் சுத்துவோம், கிச்சன் இருக்கற சாதா அபார்ட்மென்ட் போதும், மிச்சமாகற காசுதான் இந்த மலை ராத்திரிக்கு.

மறுநாள் பதினொண்ணு, பதினொண்ணரைக்கு இறங்குங்க. ஆதம் தாண்டினா அப்புறம் நேர்கோடுதான், ரெண்டு பக்கமும் தட்டையா வெளிறிப்போன மண், ஒரு மரம் தெரிஞ்சா பசங்க கத்துவாங்க. ஆதம், கபா, ஹைமா, கஃப்தைன், கித்பித், துமரைத்னு பங்க் இருக்கற ஊர் பேரை ஒரு பேப்பர்ல எழுதி டேஷ்போர்டுல ஒட்டிடுங்க, பாதி டேங்குக்கு கீழ விடாதீங்க, அடுத்த பங்க்ல பாத்துக்கலாம்ங்கற பேச்சே வேணாம். மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணிடுங்க, நடுவுல சிக்னல் போயிடும். டயர்ல பக்கவாட்டுல நாலு இலக்க நம்பர் இருக்கும், 2321ன்னா 2021ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம், அஞ்சு வருஷம் தாண்டினதுன்னா பார்க்க எவ்வளவு புதுசா இருந்தாலும் மாத்திட்டு கிளம்புங்க, ஹோட்டலுக்கு குடுக்கறதுக்கு முன்னாடி குடுக்க வேண்டிய காசு அது. காத்து அளவை காலைல டயர் குளிர்ந்திருக்கறப்பவே பாருங்க.

அஞ்சரை, ஆறு மணிக்கு ஹைமா. மஸ்கட்டுக்கும் சலாலாவுக்கும் ஏறக்குறைய பாதி வழி. அங்க ராத்திரி சாதா ரூம்தான், போனதும் பெட்ஷீட்டையும் ஏசியையும் பார்த்துட்டு அப்புறம் காசு குடுங்க. பசங்க "இங்க பூல் எங்கப்பா"ன்னு கேட்பாங்க, பரோட்டா வாங்கிக் குடுத்து தூங்க வைங்க. இருட்டுல மேற்கொண்டு ஓட்டலாம்னு மட்டும் நினைக்காதீங்க. ஒட்டகம் ரோட்டு நடுவுல நிக்கும், அதுக்கு கால் உயரம், மோதினா உடம்பு நேரா கண்ணாடி மேல வந்து விழும்.

விடிஞ்சதும் கிளம்பினா மத்தியானத்துக்கு முன்னாடி துமரைத். அங்கேருந்து மலை இறக்கத்துல திடீர்னு பஞ்சு மாதிரி மூடுபனிக்குள்ள நுழைவீங்க, முன்னாடி போற வண்டி காணாம போயிடும். லோ பீம்ல வைங்க, ஃபாக் லைட் இருந்தா போடுங்க, ஹை பீம் போட்டா வெள்ளைச் சுவர்தான் தெரியும். வீடியோ எடுக்கறதுக்காக ரோட்டோரத்துல நிறுத்தாதீங்க, கீழ இறங்கினதும் இளநீர்க் கடை வரிசையா இருக்கும், அங்க நிறுத்திக்கலாம்.