விண்கலத்தின் சுற்று நேரத்தைக் கையால் கணக்கிட்டுப் பார்ப்பது எப்படி?

'கம்ப்யூட்டர்' என்ற சொல் ஒரு காலத்தில் கணக்குப் போடும் மனிதரைக் குறித்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள, பின்னாளில் நாசாவின் மையமான லாங்லி விமானவியல் ஆய்வுக்கூடத்தில் 1943 முதல் கறுப்பினப் பெண்கள் அந்த வேலைக்குச் சேர்க்கப்பட்டு, மேற்குப் பகுதிக் கணக்கீட்டுப் பிரிவு என்ற தனி அலுவலகத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். 1949இல் அதன் தலைவரானவர் டோரதி வாகன். 1953இல் அங்கே சேர்ந்தவர் கேத்தரின் ஜான்சன். அவர்களுடைய உழைப்பு எப்படிப்பட்டது என்பதை அறிய, ஒரு கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்ப்பதை விடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

1962 பிப்ரவரி 20 அன்று அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியை மூன்று முறை சுற்றிய பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உயரம் ஏறக்குறைய 160 முதல் 260 கிலோமீட்டர் வரை இருந்தது. அகலமான தாளில் ஏழு நிரல்கள் வரைந்து, ஒவ்வொன்றின் தலைப்பிலும் செய்ய வேண்டிய செயலை முதலிலேயே எழுதிவிடுங்கள். லாங்லியிலும் தாள்கள் இப்படித்தான் நிரப்பப்பட்டன. முதல் நிரலில், சராசரி உயரமான 210உடன் பூமியின் ஆரமான 6371ஐக் கூட்டி 6581 என எழுதுங்கள். அடுத்த இரண்டில் அதன் வர்க்கமும் கனமும் வரும். நான்காவதில் கனத்தை, பூமியின் ஈர்ப்பைக் குறிக்கும் 398600 என்ற எண்ணால் வகுத்தால் 715053 கிடைக்கும்.

ஐந்தாவது நிரலான வர்க்கமூலத்தில்தான் பொறுமை வேண்டும். 845 என்று ஊகித்து, 715053ஐ அதனால் வகுத்தால் 846.217 வரும், இரண்டுக்கும் சராசரி எடுத்தால் 845.608. அதை 2π-இன் மதிப்பான 6.2832ஆல் பெருக்கினால் 5313 விநாடி. 60ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 88.5 நிமிடம்.

இரண்டாம் நிரலில் ஓர் இலக்கம் பிசகினாலும் கடைசி நிரல் வரை எல்லாமே தவறாகிவிடும் என்பதால், உங்கள் தாளைக் காட்டாமல் இன்னொருவரையும் தனியாகப் போடச் சொல்லி, நிரல் நிரலாக ஒப்பிடுங்கள். மின்னணுக் கணினி தந்த விடைகளைக் கேத்தரின் ஜான்சன் கையால் சரிபார்க்க வேண்டும் என்று கிளென் பறப்பதற்கு முன் கேட்டதும் இதே காரணத்தால்தான். ஜான்சன் அதே சமன்பாடுகளை மேசைக் கணக்குப்பொறியில் மீண்டும் போட்டார்.

இது கைவந்த பிறகு, 1960இல் வெளியான அறிக்கையில் அவரும் சக பொறியாளர் ஒருவரும் தீர்த்த கணக்கின் பக்கம் செல்லலாம். குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு மேலாகக் கலம் கடக்க வேண்டுமானால் எந்தத் திசைக்கோணத்தில் அதைச் செலுத்த வேண்டும் என்பதே அந்தக் கணக்கு. அதற்குப் பூமியின் சுழற்சிக்கும் ஒரு நிரல் ஒதுக்க வேண்டியிருக்கும்.