குளவி கொட்டிய குழந்தைக்கு ஒவ்வாமைப் பரிசோதனை: நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள்

பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள் நான் அன்று செய்ததையே இன்றும் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு கேட்கவில்லை.

கை வீங்கினாலே ரத்தப் பரிசோதனை

ஏழு வயதுப் பையன். விரலில் குளவி கொட்டி, வீக்கம் முழங்கை வரை ஏறியிருந்தது. மூச்சுத் திணறல் இல்லை, வேறெங்கும் தடிப்பும் இல்லை. அம்மா பதறினார், நான் ஐஜிஇ (ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்புப் புரதம்) அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினேன். பாசிட்டிவ். "அடுத்த முறை உயிருக்கே ஆபத்தாகலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு வருஷம் அந்தப் பிள்ளையை வெளியே விளையாட விடவில்லை, ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. அப்புறம் ஒருநாள் வீட்டுக்குள்ளேயே குளவி கொட்டியது. கை வீங்கியது, ஐந்தே நாளில் வற்றியது. அவ்வளவுதான். அந்தச் சீட்டை நினைத்தால் இன்றும் என்மேல் கோபம் வருகிறது.

பாசிட்டிவ் என்றால் அந்த விஷத்துக்கு எதிரான ஐஜிஇ உடம்பில் இருக்கிறது, அவ்வளவே. கொட்டி எதுவும் ஆகாதவர்கள் பலருக்கும் அது இருக்கும். எண் பெரிதாக இருப்பதால் அடுத்த எதிர்வினை கடுமையாகிவிடாது. போன முறை என்ன நடந்தது என்பதுதான் அடுத்த முறையைப் பற்றி அதிகம் சொல்லும். வீக்கம் மட்டும் என்றால், அடுத்த கொட்டில் உடம்பு முழுக்கப் பாதிக்க சுமார் 5 முதல் 10 சதவீதம்தான் வாய்ப்பு. தோலில் மட்டும் தடிப்பு பரவிய குழந்தைகளுக்கும் ஏறக்குறைய 10 சதவீதம்தான், அதிலும் கடுமையாவது அரிது.

மூச்சோ ரத்த அழுத்தமோ பாதித்த குழந்தை வேறு. 2004இல் வெளியான நீண்டகால ஆய்வில், மிதமான அல்லது கடுமையான எதிர்வினை வந்தும் விஷத் தடுப்பூசிச் சிகிச்சை (பூச்சி விஷத்தையே சிறுகச் சிறுக ஊசியில் கொடுத்து உடம்பைப் பழக்குவது) பெறாதவர்களில், மறுபடி கொட்டு வாங்கியபோது 32 சதவீதம் பேருக்கு எதிர்வினை வந்தது. சிகிச்சை பெற்றவர்களில் 5 சதவீதம். பரிசோதனை இந்தக் குழந்தைக்குத்தான் வேண்டும்.

அதனால் சீட்டு எழுதும் முன் கேளுங்கள்: எத்தனை நிமிடத்தில் தொடங்கியது? குரல் கம்மியதா? வாந்தி எடுத்தானா? மயங்கினானா? கொடுக்கு தோலில் தங்கியதா? தங்கியிருந்தால் பெரும்பாலும் தேனீ.

கொட்டிய வாரமே பரிசோதிப்பது

4 முதல் 6 வாரம் பொறுங்கள். அவசரப்பட்டால் பொய்யாக நெகட்டிவ் வரலாம்.

மயங்கி விழுந்த குழந்தைக்கு நெகட்டிவ் வந்தால் "ஒன்றுமில்லை" என்பது

தோல் பரிசோதனையும் செய்யுங்கள். அதுவும் நெகட்டிவா? சில மாதம் கழித்து மறுபடி.

பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் அட்ரினலின் (கடும் ஒவ்வாமைக்கான அவசர ஊசி) தருவது

முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். சந்தேகம் வந்த அன்றே ஊசியைப் பெற்றோர் கையில் கொடுத்து, தொடையின் வெளிப்பக்கத்தில் எப்படிப் போடுவது என்று பெற்றோரையே செய்துகாட்டச் சொல்லுங்கள்.