எதை வைத்தும் ஜோக் அடிக்கலாமா? மேடையிலும் மேடைக்குக் கீழேயும் நடக்கிற சில தவறுகள்

ஸ்டாண்ட்-அப் காமெடி பண்ண ஆரம்பித்த புதிதில் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. தலைப்பு, 'தொடக்கூடாதவை'. மரணம், புற்றுநோய், கடவுள், போர், பாலியல் வன்முறை, மனநோய். ரொம்பப் பொறுப்பான ஆள் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு. ஒரே வருடத்தில், அந்தப் பட்டியலில் இருந்த ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் மேடையில் எடுத்து, யார் மனசும் நோகாமல், வயிறு வலிக்கச் சிரிக்க வைத்ததைப் பார்த்துவிட்டேன். அதே வருடம் நான் ஒருவரை நோகடித்தது பட்டியலில் இல்லாத ஒரு விஷயத்தில். முன்வரிசையில் இருந்தவரிடம் பேர் கேட்டேன். அவருக்கு உடனே சொல்ல வரவில்லை. "யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை" என்றேன். அரங்கம் சிரித்தது. அவருக்குத் திக்கும் என்பது இரண்டாவது முறை அவர் வாயைத் திறந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அதற்கு அப்புறமும் எட்டு நிமிடம் பேசினேன், என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை.

"எந்த விஷயத்தை ஜோக்காக்கக் கூடாது?" என்ற கேள்வியிலிருந்து ஆரம்பிப்பதே முதல் தவறு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பட்டியல் போட்டால், பட்டியலில் இல்லாதது எல்லாம் பத்திரம் என்று தோன்றிவிடும். பொண்டாட்டி ஜோக், குண்டு ஜோக், வழுக்கை ஜோக் இதையெல்லாம் தடை செய்யச் சொல்லி யாரும் கேட்பதில்லை, குடும்பத்தோடு பார்க்கலாம் என்று வேறு பேர். அவற்றில் இருக்கிற இளக்காரத்தில் பாதியைக்கூட நான் நல்ல மரண ஜோக் எதிலும் பார்த்ததில்லை.

அடுத்தது, பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணமான தவறு: ஜோக் எதைப் பற்றியது என்பதையும், சிரிப்பு யார் தலையில் விழுகிறது என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. என் அப்பாவுக்கு மறதி நோய் வந்தது. மேடையில் சொல்லலாமா வேண்டாமா என்று பல மாதம் யோசித்து, முதலில் எழுதியது இது: "அப்பா ஒரே செய்தித்தாளைத் தினமும் புதுசாகப் படிக்கிறார். எனக்குச் சந்தா மிச்சம்." நன்றாகவே சிரித்தார்கள். ஆனால் இதை எழுத என் அப்பா தேவையே இல்லை. அந்த நோயாளி ஒருவரைக்கூட நேரில் பார்க்காத யார் வேண்டுமானாலும் உட்கார்ந்த இடத்தில் எழுதிவிடலாம், சிரிப்பும் முழுக்க நோயாளியின் மேல்தான் விழுகிறது. அப்புறம் மாற்றி எழுதினேன்: "அப்பாவுக்கு மறதி நோய். என்னை யார் என்றே தெரியவில்லை. தம்பியை மட்டும் அடையாளம் தெரிகிறது. டாக்டருக்கு ஒரே ஆச்சரியம். எனக்கு இல்லை, நோய் வருவதற்கு முன்னாலும் அப்படித்தான்."

நோய் அதே, வீடும் அதே. இப்போது சிரிப்பு விழுவது, இந்த வயதிலும் அப்பா தன்னைப் பார்க்கவில்லையே என்று கணக்கு வைத்திருக்கிற மகன் மேல், கொஞ்சம் அப்பாவின் ஓரவஞ்சனை மேல். நகை பிறக்கும் இடம் நான்கு என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நான்கில் ஒன்றுதான் எள்ளல், அதாவது அடுத்தவரை இளக்காரம் செய்வது. மீதி மூன்றும், குழந்தைத்தனமும் அறியாமையும் மடத்தனமும், மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரிடமே தாராளமாகக் கிடைக்கும். நாம்தான் முதல் கடையிலேயே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

அதிர்ச்சியைத் தைரியம் என்று நினைப்பது இன்னொன்று. பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-ல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். ஏதோ ஒன்று மீறப்பட வேண்டும், அந்த மீறல் ஆபத்தில்லாதது என்றும் அதே நொடியில் தோன்ற வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் சிரிப்பு. மீறல் மட்டும் இருந்தால் கேட்கிறவர் சுருங்கிப் போவார், மீறலே இல்லாவிட்டால் கொட்டாவி விடுவார். மீறுவது சுலபமான பாதி, ஒரு கெட்ட வார்த்தை போதும். இந்த ஆள் எங்களை எங்கேயோ பத்திரமாகத்தான் கூட்டிக்கொண்டு போகிறான் என்ற நம்பிக்கையைச் சம்பாதிப்பதுதான் வேலை. "நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது" என்று ஆரம்பிப்பதும், "சும்மா ஜோக்தானே" என்று முடிப்பதும் அந்த வேலையைச் செய்யாமல் தப்பிக்கிற வழிகள். நானும் செய்திருக்கிறேன். ஒருமுறைகூட உதவியதில்லை.

காலம் போனால் எல்லாமே ஜோக்காகிவிடும் என்ற நம்பிக்கை பாதி உண்மை, அதனாலேயே வம்பு. அமெரிக்கக் காமெடியன் ஜார்ஜ் கார்லின் 2001 செப்டம்பர் 9, 10 தேதிகளில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்தார். அதன் தலைப்பே, கூட்டம் கூட்டமாக ஆட்கள் செத்தால் எனக்குக் கொஞ்சம் பிடிக்கும் என்ற அர்த்தத்தில் இருந்தது. மறுநாள் இரட்டைக் கோபுரம் விழுந்தது. ஒரு வார்த்தைகூட மாறவில்லை, ஆனால் அந்தப் பதிவு 2016 வரை வெளியே வரவில்லை. அதே மாதம் 29-ஆம் தேதி நியூயார்க்கில் ஒரு ரோஸ்ட் நிகழ்ச்சியில் (ஒரு பிரபலத்தை உட்கார வைத்து ஆளாளுக்குக் கேலி செய்வது) கில்பர்ட் காட்ஃபிரைட் என்ற காமெடியன் விமானத்தை வைத்து ஒரு ஜோக் சொன்னார், நேரடி விமானம் கிடைக்கவில்லை, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் நின்றுதான் போகுமாம் என்று. வெந்த புண்ணில் வேல். கூட்டம் முனகியது, இவ்வளவு சீக்கிரமா என்று ஒருவர் கத்தினார். காட்ஃபிரைட் என்ன செய்தார் தெரியுமா? மன்னிப்புக் கேட்கவில்லை, பழைய காலத்து ஜோக் ஒன்றை எடுத்தார், காது கொடுத்துக் கேட்க முடியாத அளவுக்கு ஆபாசமானது. அதே கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. 'தொடக்கூடாதவை' பட்டியல் வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் மோசம், ஆனால் அந்த ராத்திரி அந்த அறையில் இருந்த யாருக்கும் அதில் காயம் இல்லை.

காலத்துக்குக் கெடு இரண்டு பக்கமும் உண்டு. 2012-ல் அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி புயலைப் பற்றிய ஜோக்குகளை வெவ்வேறு நாட்களில் ஆட்களிடம் காட்டி, எவ்வளவு சிரிப்பு வருகிறது என்று மெக்ரா குழுவினர் பார்த்தார்கள். புயல் அடித்த கையோடு மதிப்பு இறங்கியது, 36 நாள் வாக்கில் மேலே ஏறியது, அப்புறம் மறுபடி இறங்கிவிட்டது. ஆறிப்போனாலும் ஜோக் செத்துவிடும். இதையெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், டிக் நோட்டாரோ என்ற அமெரிக்கக் காமெடியன் வந்து கலைத்துவிடுவார். தனக்குப் புற்றுநோய் என்று தெரிந்த சில நாட்களிலேயே, 2012 ஆகஸ்டில், லாஸ் ஏஞ்சலிஸ் மேடை ஒன்றில் ஏறி வணக்கம் சொல்வதுபோல அதைச் சொல்லித்தான் ஆரம்பித்தார். அது அவருடைய நோய், அவருடைய பயம். அதனால் 36 நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, அப்படியானால் சொந்தக் காயத்தை வைத்து என்ன வேண்டுமானாலும் சொல்லலாமா? இங்கேதான் நான் நீண்ட நாள் ஏமாந்தேன். 2018-ல் வந்த ஆஸ்திரேலியக் காமெடியன் ஹானா காட்ஸ்பியின் நிகழ்ச்சி என்னைப் பிடித்து உலுக்கியது. ஏற்கெனவே ஓரத்தில் தள்ளப்பட்டவர் தன்னையே கேலி செய்துகொள்வது பணிவு ஆகாது, அது அவமானம், பேசுவதற்கு அனுமதி வாங்கத் தன்னைத் தாழ்த்திக்கொள்வது என்று அவர் சொன்னார். இரண்டாவது சிக்கல் இன்னும் சாதாரணமானது: சொந்தக் காயம் என்று சொல்கிறோமே, அதில் முக்கால்வாசி வேறு யாருடையதோ. நோய் என் அப்பாவுடையது. அவரிடம் அனுமதி கேட்க முடியாது, கேட்டாலும் மறுநாள் மறுபடி கேட்க வேண்டும். (இந்த வரியையும் மேடையில் ஒருமுறை சொன்னேன், எடுத்துவிட்டேன்.) தம்பியிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, சொல்லிக்கோ" என்றான்.

சட்டத்தையும் ரசனையையும் போட்டுக் குழப்பாதீர்கள். அமெரிக்கக் காமெடியன் லென்னி புரூஸ் மேடையில் பேசிய பேச்சு ஆபாசம் என்று 1964-ல் நியூயார்க் நீதிமன்றம் தண்டித்தது. 1966-ல் அவர் இறந்துபோனார், 2003-ல்தான் மாநில ஆளுநர் மன்னிப்பு வழங்கினார், முப்பத்தேழு வருடம் கழித்து, வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல். 2021 ஜனவரி 1-ஆம் தேதி இந்தூரில் காமெடியன் முனாவர் ஃபாரூக்கியைக் கைது செய்து ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் வைத்திருந்தார்கள், உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் ஜாமீன் கிடைத்தது. ஜோக்குக்காக ஒருவரை உள்ளே வைப்பது எனக்கு எந்தக் கணக்கிலும் சரியாகப் படவில்லை. அதே 2021-ல் கனடா உச்ச நீதிமன்றம், உடல் குறைபாடு உள்ள ஓர் இளம் பாடகரைத் தொடர்ந்து கேலி செய்த மைக் வார்டு என்ற காமெடியனின் பக்கம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். அந்த ஜோக்குகள் நல்ல ஜோக்குகள் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அதை மட்டும் நம் ஆட்கள் காதில் வாங்குவதே இல்லை, "தடை செய்யக் கூடாது" என்று ஒருவர் சொன்னால் "அப்போ உனக்கு அது பிடிச்சிருக்கா?" என்று கேட்கிறார்கள், "எனக்குப் பிடிக்கவில்லை" என்றால் "அப்போ தடை பண்ணணுமா?" என்கிறார்கள்.

கேட்கிறவர்கள் பக்கமும் தவறு உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'தற்கொலை' என்ற சொல் காதில் விழுந்ததும் கதவைச் சாத்திக்கொண்டால், ஜோக் எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரியாமலே போய்விடும். முப்பது நொடிக் கிளிப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் அதே ரகம், ஜோக்குக்கு அடித்தளம் போடுகிற செட்-அப்பை வெட்டிவிட்டு, சிரிக்க வைக்கிற கடைசி வரியான பஞ்ச்லைனை மட்டும் போட்டால் எவ்வளவு நல்லவனும் கொடூரனாகத் தெரிவான். அதற்காகக் கிளிப்பைக் காட்டி அழுகிற காமெடியன்கள் எல்லோரும் யோக்கியர் என்று அர்த்தம் இல்லை. சில ஜோக்குகள் முழு ஒரு மணி நேரத்தையும் பார்த்தால் இன்னும் மோசமாக இருக்கும்.

கடைசியாக, சிரிப்புச் சத்தத்தை மட்டும் வைத்து அளப்பது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் செய்தித்தாள் ஜோக்குக்குத்தான் சத்தம் அதிகம். தம்பி ஜோக்குக்கு முதலில் ஒரு நொடி அமைதி வரும், அப்புறம் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிரிப்பு கிளம்பும், சில நாள் கிளம்பவே கிளம்பாது. பழைய ஜோக்கையே திரும்பப் போட்டுவிடலாமா என்று இன்றைக்கும் தோன்றுவது உண்டு, குறிப்பாகக் கூட்டம் குறைவாக இருக்கிற ராத்திரிகளில். அப்படி ஒரு ராத்திரி நிகழ்ச்சி முடிந்து மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, என்னைவிட மூத்தவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். நன்றாக இருந்தது என்றும் சொல்லவில்லை, கைகுலுக்கவும் இல்லை.

"எங்கள் வீட்டில் அக்கா" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.